குற்றவாளிக் கூண்டில் குடிநோயாளி



ஒரு இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில் குடியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சில நண்பர்கள் தயங்கினார்கள். “நம்மைக் குடிகாரர்கள் என்று சொல்ல ஊரே இருக்கிறது, நாமும் ஏன் அதைப் பேச வேண்டும்?” என்றார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. சேரி என்றால் சாராயம் என்று எழுதியும் படமெடுத்தும் பழகிய சமூகம் இது. கிளப்பில் உட்கார்ந்து குடிப்பவரின் சாதியை யாரும் கேட்பதில்லை. காலனி முனையில் குடிப்பவரின் சாதி மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் நாம் பேசாமல் இருப்பதால் அந்தப் பேச்சு நின்றுவிடவில்லை. நமக்குப் பதிலாகக் காவல் நிலையம் பேசுகிறது, நீதிமன்றம் பேசுகிறது, மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு பேசுகிறது. அந்த மூன்று இடங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மது எதிர்ப்பு நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. ரெட்டமலை சீனிவாசன் மதராஸ் சட்டமன்றத்தில் மதுவிலக்குக்காகக் குரல் கொடுத்தவர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு பௌத்தம் தழுவியபோது ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் ஐந்தாவதும் அதுவே. இந்த மரபை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. காலையில் கை நடுங்காமல் கரண்டியைப் பிடிக்கவே ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிற கொத்தனாரிடம் உறுதிமொழியை நீட்டினால் அவர் என்ன செய்வார்? மனதார ஏற்றுக்கொள்வார். மறுநாள் காலையில் நடுக்கம் வரும். இந்த நிலையை மருத்துவம் மதுச் சார்பு நோய் என்கிறது. தமிழில் குடிநோய் என்கிறோம். குடிப்பவர்கள் எல்லாரும் குடிநோயாளிகள் அல்லர். ஆனால் குடிநோயாளிக்கு அறிவுரை போதாது, சிகிச்சை வேண்டும்.

அந்தச் சிகிச்சை யாருக்குக் கிடைக்கிறது? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளியானது. மதுச் சார்பு நோய் உள்ளவர்களில் ஏதாவதொரு சிகிச்சை பெற்றவர்கள் 38 பேரில் ஒருவர் என்கிறது அது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர்கள் 180 பேரில் ஒருவர். மருத்துவரைப் பார்க்காத அந்த 37 பேரில் பலரைக் காவல்துறை பார்த்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 510-ஆம் பிரிவில் 24 மணி நேரச் சிறை அல்லது 10 ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவு வந்திருக்கிறது. அதே 24 மணி நேரச் சிறை. அபராதம் 1,000 ரூபாய் வரை. கூடவே சமூக சேவை என்ற புதிய தண்டனை. வாகனம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால், முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். பிடிபட்டவருக்குக் குடிநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றோ, சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்றோ இந்தப் பிரிவுகளில் ஒரு வரி இல்லை. 10,000 ரூபாய் என்பது கார் வைத்திருப்பவருக்கு ஒரு மாலைச் செலவு. பழைய டி.வி.எஸ். ஃபிப்டியில் வேலைக்குப் போகிறவருக்கு அது வட்டிக்கடன்.

தண்டனையை மட்டும் நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு பீகார் இருக்கிறது. 2016 ஏப்ரலில் அங்கே முழு மதுவிலக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டவர்கள் ஜெகனாபாத்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள், கூலித் தொழிலாளர்கள். அவர்கள் முசகர்கள், பட்டியல் சாதியினரிலேயே மிகவும் ஒடுக்கப்பட்ட சமூகம். 2017-இல் அவர்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு ஐந்தாண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். குடித்ததற்காக! பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2022-க்குப் பின் முதல் முறை பிடிபடுகிறவர் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் கட்டி வெளியே வரலாம். கட்ட முடியாதவருக்குச் சிறை. பணமிருப்பவரையும் இல்லாதவரையும் பிரிக்கும் கோட்டைத் திருத்தமும் அப்படியே விட்டுவைத்தது.

சட்டத்தால் வேறு மாதிரி நடக்கவே முடியாதா? முடியும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைப் பாருங்கள். கஞ்சா, ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையான ஒருவர் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ தண்டிக்கப்பட்டால், அவர் சம்மதத்தோடு அவரைச் சிகிச்சைக்காக விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. இப்படியொரு கதவு மதுவுக்கு இல்லை. தடை செய்த பொருளுக்கு அடிமையானவருக்குச் சிகிச்சைக் கதவு உண்டு, அரசே கடை வைத்து விற்கும் பொருளுக்கு அடிமையானவருக்குக் கிடையாது.

ஆனாலும் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். தண்டனை விதிக்காமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் ஒருவரை விடுவிக்கலாம் என்கிறது அதன் 4-ஆம் பிரிவு. போதைப்பொருள்களைத் தவிர்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அப்போது விதிக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் 14-ஆம் பிரிவில் ஆலோசனைக்கு அனுப்பும் அதிகாரம் நடுவருக்கு இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் நம் பெண்களில் பலர் கேட்பது, “அவரை உள்ளே போடுங்கள்” என்பதல்ல. “குடியை நிறுத்த வையுங்கள்” என்பதுதான். குடி வன்முறைக்குச் சாக்கு ஆகாது. அடித்தவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அவர் பதினைந்து நாள் சிறையிலிருந்து வந்து அதே நாள் கடைக்குப் போனால் அந்தப் பெண்ணுக்கு என்ன நீதி கிடைத்தது?

புதிய சட்டம் கொண்டுவந்திருக்கும் சமூக சேவைத் தண்டனையைப் பற்றி நம் அமைப்புகள் போதுமான அளவு பேசவில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவு அதற்கு விளக்கம் தருகிறது. சமூகத்துக்குப் பயன்படும்படி நீதிமன்றம் செய்யச் சொல்லும் வேலை, அதற்கு ஊதியம் கிடையாது. என்ன வேலை என்று சட்டம் சொல்லவில்லை. ‘சமூக சேவை’ என்றவுடன் இந்த நாட்டில் நினைவுக்கு வருவது துடைப்பம். மருத்துவமனையைக் கூட்டு, கழிவறையைக் கழுவு. ஒருவருக்கு அவமானமாக இருக்கட்டும் என்று விதிக்கும் அந்த வேலையை, நம் தாய்மார்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகத் தினமும் அதிகாலையில் செய்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைத் தண்டனையாக அறிவிப்பது, அதைச் செய்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்கள் என்று அறிவிப்பதுதான். கழிவுநீர்க் குழிக்குள் இறங்கும் தொழிலாளர்கள், குடிக்காமல் அந்த நாற்றத்தைத் தாங்க முடியாது என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அப்படிக் குடிக்கப் பழகியவரைப் பிடித்து, அதே துடைப்பத்தைத் தண்டனையாகக் கையில் கொடுப்பது எந்த நியாயம்?

மற்ற நாடுகளில் நீதிமன்றங்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களை மது பற்றிய கல்வி வகுப்புக்கு அனுப்புகின்றன. கலிபோர்னியாவில் முதல் முறை பிடிபட்டவருக்குப் பொதுவாக மூன்று மாத வகுப்பு, 30 மணி நேரம். இரத்தத்தில் மதுவின் அளவு மிக அதிகமாக இருந்தால் ஒன்பது மாதம், 60 மணி நேரம். மறுபடி பிடிபட்டால் 18 மாதம். 1989-இல் மயாமி நகரில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். சிறைக்குப் பதில் சிகிச்சை, அதை நீதிபதியே தொடர்ந்து கவனிப்பது என்பது அதன் முறை. பின்னர் அது பல இடங்களுக்கும் பரவியது.

இதை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. அங்கிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வகுப்பு வேறு, சிகிச்சை வேறு. எப்போதாவது குடித்து வண்டி ஓட்டியவருக்கு வகுப்பு பயன்படும். தினமும் குடிக்காமல் இருக்க முடியாதவரை வகுப்பில் உட்கார வைத்தால், கல்லீரல் படத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போவார். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விகள் இருக்கின்றன. மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே ஆபத்தான குடி. 20-ஐத் தொட்டால் குடிநோயா என்று மருத்துவர் சோதிக்க வேண்டும். பயிற்சி பெற்ற யாரும் சில நிமிடங்களில் கேட்டு முடிக்கலாம்.

இரண்டாவது, பணம். அங்கே வகுப்புக் கட்டணத்தைப் பொதுவாகப் பிடிபட்டவரே கட்ட வேண்டும். அந்த முறையை இங்கே கொண்டுவந்தால் அது இன்னொரு அபராதம்.

மூன்றாவது, மதம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் கடவுள் பற்றிய பேச்சு உண்டு. விரும்பிப் போகிறவர்களுக்கு அந்தக் கூட்டங்கள் பெரிய துணை, நம் ஊர்களிலும் பலர் அதில் மீண்டிருக்கிறார்கள். ஆனால் அரசு ஒருவரைக் கட்டாயப்படுத்தி அங்கே அனுப்புவது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 1996-இலும் 2007-இலும் தீர்ப்பளித்தன. கோயிலில் கயிறு கட்டுவதையும் ஜெபக் கூட்டத்தையும் சிகிச்சை என்று சொல்லி நம்மிடம் தள்ளும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உடலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இது தெரியாததால் உயிர்கள் போகின்றன. நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில் சிலருக்கு மனம் குழம்பும். இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகத் தட்டிவிடுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். இப்போது யோசியுங்கள். கைது செய்யப்பட்டு இரண்டு மூன்று நாள் லாக்கப்பிலோ கிளைச் சிறையிலோ இருக்கும் நேரமும் இதுதான். “நடிக்கிறான்” என்று அங்கே சொல்கிறார்கள். வீட்டில் நடந்தால் பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள். கைதானவரை மருத்துவர் சோதிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவும், காவலில் இருப்பவரின் உடல்நலனுக்குக் காவலில் வைத்திருப்பவரே பொறுப்பு என்று 56-ஆம் பிரிவும் சொல்கின்றன. “இவர் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது நேற்று மாலை” என்று அந்த மருத்துவரிடம் சொல்ல ஒருவர் இருந்தால் போதும், ஓர் உயிர் பிழைக்கலாம்.

இந்த நாட்களைக் கடக்க மருந்து இருக்கிறது. டயசெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற மாத்திரைகளை மருத்துவர் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார். மூளையைக் காக்க தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுப்பார். இதற்கு முன் வலிப்பு வந்தவர், மனக்குழப்பம் ஏற்பட்டவர், கல்லீரல் கெட்டவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், வீட்டில் கவனிக்க ஆள் இல்லாதவர் ஆகியோர் மருத்துவமனையில் படுக்க வேண்டும். மற்றவர்கள் புறநோயாளியாகவே இதைக் கடக்கலாம். பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. குடித்தால் உடலைப் புரட்டிப்போடும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையும் உண்டு. அதை நோயாளிக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. “அவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த” என்று சுவரில் ஒட்டும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று நம் பெண்களிடம் வீடு வீடாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்கு ஏன் புறநோயாளிச் சிகிச்சை முக்கியம்? தினக்கூலி ஒரு மாதம் மையத்தில் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. கந்துக்காரர் வாசலில் நிற்பார். சில தனியார் ‘மறுவாழ்வு மையங்களில்’ கட்டிவைப்பதும் அடிப்பதும் நடப்பதைச் செய்திகளில் படிக்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதன் 18-ஆம் பிரிவு, கட்டுபடியாகும் செலவில், தரமாக, எட்டும் தூரத்தில், சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. சாதி என்ற சொல் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, தோழர்களே. அதை எடுத்து நாம் இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

எட்டும் தூரத்தில் சிகிச்சை என்பது கனவல்ல. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வொன்று 2017-இல் லான்செட் இதழில் வந்தது. ஆபத்தான அளவில் குடித்த 377 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்குக் கூடுதலாக நான்கு அமர்வுகள் வரை ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் முதல் பிரிவில் 26 சதவீதம், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம். கடந்த பதினான்கு நாளில் சொட்டும் குடிக்காதவர்கள் 18-க்கு 42 சதவீதம். இது கடும் குடிநோயாளிகளுக்கான தீர்வல்ல, அவர்களுக்கு மருத்துவர் வேண்டும். ஆனால் நோய் முற்றுவதற்கு முன்பே தடுத்து நிறுத்த நம் தெருவின் பட்டதாரிப் பெண்ணும் பையனும் போதும் என்பதற்கு இது சான்று. நம் மாநிலத்திலும் முன்மாதிரி உண்டு. சென்னையின் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை 1980-களின் இறுதியிலேயே மஞ்சக்குடி கிராமத்துக்குப் போய் அங்கேயே முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தது. 2025-இல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 மையங்களைத் திறந்திருக்கிறது. வரவேற்போம். ஆனால் மாவட்டத் தலைநகருக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதையும் சொல்வோம்.

“மது விற்பதே அரசு, நீங்கள் குடிப்பவருக்குச் சிகிச்சை பற்றிப் பேசுகிறீர்களே” என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கையில்தான். 2023–24-இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, டாஸ்மாக் விலையைக்கூடக் கொடுக்க முடியாத கூலிகள்தான் அதில் செத்தார்கள். கடைகளைக் குறைக்கும் போராட்டம் தொடர வேண்டும். ஆனால் நாளைக் காலையில் எல்லாக் கடையையும் மூடினாலும் குடிநோயாளிகள் அப்படியேதான் இருப்பார்கள். அன்று அவர்களுக்கு மருத்துவமனை இல்லையென்றால் அவர்கள் தேடிப்போவது கருணாபுரத்துப் பாக்கெட்டைத்தான்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்க வேண்டும். குடி தொடர்பான சிறு வழக்குகளில் பிடிபடும் ஒவ்வொருவருக்கும் நீதிமன்றத்தில் குடிநோய்ச் சோதனை வேண்டும். நோய் இருந்தால், அவர் சம்மதித்தால், அபராதத்துக்கும் சிறைக்கும் பதிலாகப் புறநோயாளிச் சிகிச்சை வேண்டும். சிகிச்சையின் நடுவில் மறுபடி குடித்துவிட்டால் அதை நிபந்தனை மீறல் என்று சொல்லி உள்ளே தள்ளக் கூடாது. மறுபடி விழுவது இந்த நோயின் இயல்பு. ஆலோசகர் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டியது வந்தாரா இல்லையா என்பதை மட்டும்தான். சமூக சேவைத் தண்டனையில் துப்புரவு வேலை இருக்கவே கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில் ஓ.பி. வேண்டும், மருந்து அங்கேயே வேண்டும், முதல் வாரத்தின் கூலி இழப்புக்கு ஈடு வேண்டும். இதற்கான பணத்தை மது வருவாயிலிருந்து எடுக்கட்டும். ஆலோசகர் பணியில் நம் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊர் நடுவர் நீதிமன்றத்தில் ஒரு மாதம் போய் உட்காருங்கள். குடி வழக்கில் யார் வருகிறார்கள், எவ்வளவு கட்டுகிறார்கள், எவரிடம் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள், எத்தனை பேரிடம் நீதிபதி உடல்நிலையைப் பற்றிக் கேட்கிறார் என்று எழுதுங்கள். பெயர்களை எழுத வேண்டாம். சமூகவியல் படிப்பவர்களுக்கு அதைவிட நல்ல களம் கிடையாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, வருமானம் எதுவானாலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. கூண்டில் தனியாக நிற்பவரிடம் இதைச் சொல்லுங்கள். “1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் மனு போடுங்கள்” என்று அந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். சிகிச்சைக்கு முதல் நாள் போகிறவரோடு கூடவே போங்கள். சீட்டு வாங்கும் வரிசையில் அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் திரும்பி ஓடுவார்கள்.

எழுத்தாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நம் கதைகளில் குடித்துச் செத்த அப்பாக்கள் நிறைய இருக்கிறார்கள். குடியை விட்டு, நடுங்கும் கையோடு முதல் வாரத்தைக் கடந்து, மறுபடி விழுந்து, மறுபடி எழுந்து வேலைக்குப் போகும் அப்பாக்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களையும் எழுதுங்கள்.

ஜெய்பீம்.